முப்பத்து மூன்றரை நாள் கசையடி

2020 ஏப்ரல். ஊரே அடைந்து கிடந்தது. ஆனால் பேங்குக்கு லீவு கிடையாது. காலையில் மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு கிளைக்குப் போவது, மத்தியானம் திரும்பி வந்து வாசலிலேயே செருப்பை விட்டு நேரே குளியலறைக்குள் நுழைவது என்று ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் சாயந்திரம் முழுக்க என்ன செய்வது? நாக்பூர் வெயிலில் மொட்டை மாடிக்குக்கூடப் போக முடியாது. அப்போது ஒன்பதாவது படித்த பெண், எங்கிருந்தோ ஒரு பழைய ஸ்வீடன் தேசத்துப் படத்தைப் பிடித்து வைத்திருந்தாள். இங்மார் பெர்க்மன் 1957இல் எடுத்த 'ஏழாவது முத்திரை'. கறுப்பு வெள்ளை. கொள்ளை நோய்க் காலத்தில் ஒரு வீரன் சாவோடு சதுரங்கம் ஆடுகிற கதை. தங்கமணி பத்தாவது நிமிடம் எழுந்து போய்விட்டாள். "வெளியில நடக்கறது போதாதா?" என்பது அவளுடைய விமர்சனம்.

அதில் ஒரு காட்சி. ஒரே புகை. சிலுவையைச் சுமந்துகொண்டு ஒரு கூட்டம் அழுதபடி வருகிறது. ஒருவரை ஒருவர், தங்களைத் தாங்களே, சாட்டையால் அடித்துக்கொள்கிறார்கள். "அப்பா, இவங்க எதுக்கு இப்படி அடிச்சிக்கறாங்க?" என்று பெண் கேட்டாள். நான் 'ஙே' என்று முழித்தேன். பி.காம். படித்து, டெபிட் கிரெடிட்டில் காலம் தள்ளியவனிடம் ஐரோப்பிய சரித்திரம் கேட்டால்?

அன்று தொடங்கியது. சில வருடங்களாகக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். கிறிஸ்தவ சமயச் சொற்களுக்குத் திருநெல்வேலிப் பக்கத்து நண்பர் ஒருவர்தான் வாத்தியார். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாவத்துக்குத் தண்டனையாக உடம்பை அடித்துக்கொள்வது கிறிஸ்தவ மடங்களில் பழைய வழக்கம். ஆனால் அது நாலு சுவருக்குள், துறவிகளின் விஷயம். அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தது 1260ஆம் ஆண்டு, இத்தாலியின் பெருஜா நகரம். ரானியேரோ ஃபசானி என்ற சாதாரண மனிதரின் பெயர் இதன் தொடக்கத்தில் அடிபடுகிறது. பாதிரியார் இல்லை, மடத்துத் துறவியும் இல்லை. அதற்கு முந்தைய இரண்டு வருடம் பஞ்சம், நோய். போப்பாண்டவர் கட்சி, சக்கரவர்த்தி கட்சி என்று நகரத்துக்கு நகரம் வெட்டு குத்து. போதாக்குறைக்கு, ஃபியோரே ஊர் மடாதிபதி யோவாகீம் எழுதி வைத்துப் போனதைக் கணக்குப் போட்டவர்கள், 1260இல் ஒரு யுகம் முடிந்து இன்னொன்று பிறக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பயப்படுவதற்கு இதைவிட என்ன வேண்டும்?

பெருஜாவிலிருந்து கூட்டம் கிளம்பி நகரம் நகரமாகப் போனது. இடுப்புக்கு மேல் துணி இல்லை, கையில் தோல் சாட்டை, குளிரானாலும் நடை. சாலிம்பெனே என்ற ஃபிரான்சிஸ்கன் துறவி அந்த ஊர்வலத்தில் தாமே நடந்ததை எழுதி வைத்திருக்கிறார். அந்தக் காலத்தவர்கள் எல்லாருக்கும் ஒரு விஷயம் ஆச்சரியமாக இருந்திருக்கிறது. பரம்பரைப் பகையாளிகள் கட்டிப்பிடித்து சமாதானம் ஆனார்கள். சிறைக் கைதிகளை விட்டார்கள். வட்டிக்காரர்களும் திருடர்களும், அநியாயமாக வாங்கியதை உரியவர்களைத் தேடித் திருப்பிக் கொடுத்தார்கள். (கடன் வசூலில் இருக்கிற நான் இந்த வரியை இரண்டு தரம் படித்தேன்.) எல்லா ராஜாக்களுக்கும் இது பிடிக்கவில்லை. பல்லவிச்சினோ என்ற பிரபு, ஆற்றங்கரையில் தூக்குமரங்களை நட்டு வைத்து, தன் பக்கம் வந்தால் இதுதான் என்று காட்டினான்.

அந்த அலை ஒரு வருடத்தில் அடங்கியது. இத்தாலியில் அது சங்கங்களாக மாறி, நோயாளிகளைப் பார்ப்பது, செத்தவர்களை அடக்கம் செய்வது என்று பல நூற்றாண்டு ஓடியது. நான் சொல்லவந்த கதை அடுத்த அலை.

1347 அக்டோபரில் சிசிலியின் மெசினா துறைமுகத்துக்குக் கப்பலோடு வந்து இறங்கியது பிளேக். நாலைந்து வருடத்தில் ஐரோப்பாவில் மூன்றில் ஒருவர், சில பகுதிகளில் இரண்டில் ஒருவர் காலி. காரணம் யாருக்கும் தெரியாது. 1348இல் பாரிஸ் பல்கலைக்கழகத்து வைத்திய பேராசிரியர்கள் மன்னனுக்குக் கொடுத்த அறிக்கையில், 1345இல் மூன்று கிரகங்கள் கும்பராசியில் கூடியதைக் காரணமாகச் சொன்னார்கள். படித்தவர்களே அப்படி என்றால் பாமரன் என்ன செய்வான்? தெய்வக் குற்றம் என்றான்.

ஆஸ்திரியா, ஹங்கேரிப் பக்கம் 1348 கடைசியில் கிளம்பிய கசையடிக் கூட்டங்கள், 1349இல் ஜெர்மன் நாடு முழுக்கப் பரவின. ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் ஃப்ரிட்ஷே குளோசனர் என்ற பாதிரியார் இதையெல்லாம் ஒரு சரித்திரக் குறிப்பில் எழுதினார். 1362இல் அதை முடித்திருக்கிறார். ஓர் ஆடிட்டரைப் போல எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கும் மனிதர்.

கூட்டத்தில் சேர விதிகள் இருந்தன. யேசு பூமியில் வாழ்ந்தது முப்பத்து மூன்றரை வருடம் என்பதால், வருடத்துக்கு ஒரு நாளாக முப்பத்து மூன்றரை நாள். யாரிடமும் பிச்சை கேட்கக்கூடாது என்பதால், நாளுக்கு 4 ஃபென்னிக் வீதம் செலவுக்குக் கையில் இருக்க வேண்டும். ஆக 134 ஃபென்னிக் இருந்தால்தான் சேர்க்கை. ஆக, பரம ஏழைக்கு இதில் இடம் இல்லை. பட்ட பாக்கியைத் தீர்த்து, பகையாளிகளோடு சமாதானம் ஆகியிருக்க வேண்டும். கல்யாணம் ஆனவன் என்றால் மனைவியின் சம்மதம் வேண்டும். (இதைத் தங்கமணியிடம் சொன்னேன். "சம்மதம், எப்ப கிளம்பறீங்க?" என்றாள்.) பெண்களோடு பேசக்கூடாது. பேசிவிட்டால் தலைவனிடம் சொல்லித் தண்டனை வாங்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டு இரண்டு பேராக வருவார்கள். முன்னால் பட்டுக் கொடிகள், மெழுகுவர்த்திகள். தொப்பியிலும் மேலங்கியிலும் சிவப்புச் சிலுவை. ஊருக்குள் நுழைந்ததும் கோவில் மணிகள் எல்லாம் அடிக்கும். ஒரு நாளைக்கு இரண்டு தரம் மைதானத்தில் வட்டமாகக் கூடி, மேல்சட்டையைக் கழற்றிவிட்டுத் தரையில் படுப்பார்கள். படுக்கிற விதத்திலேயே என்ன பாவம் என்று தெரிந்துவிடும். பொய்ச்சத்தியம் செய்தவன் ஒருக்களித்துப் படுத்து மூன்று விரலை உயர்த்திக் காட்ட வேண்டும். பிறன்மனை நோக்கியவன் குப்புறப் படுக்க வேண்டும். தலைவன் ஒவ்வொருவரையும் தாண்டிச் சென்று சாட்டையால் தொட்டு எழுப்புவான். எழுந்ததும் அடி தொடங்கும். சாட்டையில் மூன்று நுனி, ஒவ்வொன்றிலும் முடிச்சு, முடிச்சில் ஊசி போன்ற இரும்பு முள். பாட்டுப் பாடிக்கொண்டே அடித்துக்கொள்வார்கள். முடிந்ததும் ஒருவர் 'கடிதம்' வாசிப்பார். ஜெருசலேமில் தேவதூதன் கொண்டுவந்து வைத்த பளிங்குக் கல்லில் இருந்ததாம். ஞாயிற்றுக்கிழமையை அனுசரிக்காத ஜனங்கள்மேல் ஆண்டவர் கோபமாக இருக்கிறார் என்று.

ஸ்ட்ராஸ்பர்க்குக்கு முதலில் வந்தது இருநூறு பேர். அதன் பிறகு வாரா வாரம் புதிய கூட்டம். உள்ளூரில் ஆயிரம் பேருக்கு மேல் சேர்ந்தார்களாம். ஜனங்கள் அழுதார்கள். பாதிரிமார் சொல்வதைவிட இவர்கள் சொல்வதை நம்பினார்கள். பிளேக் வந்தவன் வீட்டுக்குள் எட்டிப் பார்க்காத பாதிரியாரைவிட, ஊருக்காக முதுகைக் கிழித்துக்கொள்கிறவன் மேல் என்று தோன்றியதில் என்ன தப்பு? செத்துப்போன ஒரு குழந்தையைத் தூக்கி வந்து, இவர்கள் அடித்துக்கொள்ளும் வட்டத்தைச் சுற்றி எடுத்துச் சென்றார்களாம், உயிர் வந்துவிடும் என்று. வரவில்லை. குளோசனர் அதையும் பதிவு செய்திருக்கிறார். அந்தக் குழந்தையின் அம்மா அங்கே நின்றிருப்பாளா என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

இனி பேங்க்காரன் பாஷையில் கொஞ்சம்.

அப்போது போப்பாண்டவர் ஆறாம் கிளமென்ட். ரோமில் அல்ல, பிரான்ஸ் பக்கத்து அவிஞ்ஞோனில் இருந்தார். இவர் 1343 ஜனவரியில் ஓர் ஆணை போட்டிருந்தார். யேசுவும் புனிதர்களும் சேர்த்து வைத்த புண்ணியம் ஒரு வற்றாத பொக்கிஷம். அதன் சாவி பேதுருவிடமும் அவருக்குப் பின் வந்த போப்பாண்டவர்களிடமும் இருக்கிறது. அதிலிருந்து எடுத்து, மனம் திருந்திய பாவிகளின் தண்டனையைத் தள்ளுபடி செய்யலாம் என்பது அதன் சாரம். அதாவது இது மத்திய வங்கி. பாதிரியார்கள் கிளை மேலாளர்கள். பாவசங்கீர்த்தனம் செய்து, விதித்த பரிகாரத்தைச் செய்தால் உத்தரிக்கிற ஸ்தலத்து நிலுவை குறையும். இந்த அமைப்புக்கு வெளியே செட்டில்மென்ட் கிடையாது.

கசையடிக்காரர்கள் செய்தது என்ன? லைசென்ஸ் இல்லாமல் நேரடி செட்டில்மென்ட். பாதிரியாராக இல்லாத ஒரு தலைவன் பாவத்தைக் கேட்கிறான், பரிகாரம் கொடுக்கிறான், மன்னிக்கிறான். போதாததற்கு மேலிடத்துக் கடிதம் வேறு. அவிஞ்ஞோன் விடுமா? இத்தனைக்கும் 1348இல் பிளேக் அவிஞ்ஞோனுக்கு வந்தபோது கிளமென்ட்டே பரிகார ஊர்வலங்களுக்கு ஏற்பாடு செய்தவர்தான், அதிலும் சிலர் அடித்துக்கொண்டு போனார்கள். கசையில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. கணக்குப் புத்தகம் யார் கையில் என்பதில்தான் ஆட்சேபம். பாரிஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஜான் டி ஃபே என்ற துறவி 1349 அக்டோபர் 5 அன்று அவர் முன்னிலையில் இவர்களைக் கண்டித்துப் பிரசங்கம் செய்தார். அக்டோபர் 20 அன்று தடை ஆணை வந்தது. அடுத்த வருடமே, 1350, ஜூபிலி ஆண்டு. ரோமுக்கு யாத்திரை வருகிறவர்களுக்கு முழுத் தள்ளுபடி. தலைமை அலுவலகத்தின் ஸ்கீம்!

கிண்டல் போதும். அந்த ஆணையில் கிளமென்ட் வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று சாதாரணமானதல்ல. இவர்கள் யூதர்களின் இரத்தத்தைச் சிந்தினார்கள் என்கிறார். பிற்காலத்தில் பலரும் அப்படியே எழுதிவிட்டார்கள்: கசையடிக்காரர்கள் ஊருக்குள் வந்தார்கள், வெறி கிளம்பியது, யூதர்களை எரித்தார்கள் என்று. நானும் நம்பினேன். ஆனால் லெட்ஜரில் தேதி பார்ப்பது தொழில் புத்தி. பார்த்தேன். கணக்கு இடித்தது.

1348 செப்டம்பரில், சவாய் நாட்டின் ஷியோன் கோட்டையில் சில யூதர்களைச் சித்திரவதை செய்து, கிணறுகளில் விஷம் போட்டோம் என்று வாக்குமூலம் வாங்கினார்கள். அதன் நகல் ஸ்ட்ராஸ்பர்க்குக்கு அனுப்பப்பட்டது. 1349 ஜனவரி 9, பாசல் நகரத்தில் யூதர்களை ரைன் நதித் தீவு ஒன்றில் மர வீட்டில் அடைத்து எரித்தார்கள். ஜனவரி 31, ஃப்ரைபர்க். பிப்ரவரியில் பென்ஃபெல்டில் அந்த வட்டாரத்துப் பிரபுக்களும் நகரங்களும் கூடிப் பேசியபோது, ஸ்ட்ராஸ்பர்க் நகரசபை ஆட்கள் எங்கள் யூதர்கள்மேல் எந்தக் குற்றமும் எங்களுக்குத் தெரியவில்லை என்றார்கள். அப்படியானால் உங்கள் கிணறுகளை ஏன் மூடி, வாளியை எடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று மற்றவர்கள் மடக்கினார்கள். எத்தனை சுலபமான கேள்வி, பாருங்கள்! ஊர் திரும்பிய சில நாளில் கைத்தொழில் சங்கங்கள் திரண்டு நகரசபையையே கவிழ்த்தன. யூதர்களுக்காக நின்ற பேட்டர் ஷ்வார்பர் பதவி இழந்தார், சொத்தும் பறிபோனது. பிப்ரவரி 14, சனிக்கிழமை. யூதர்களின் இடுகாட்டிலேயே மரமேடை கட்டி எரித்தார்கள். ஞானஸ்நானம் வாங்கச் சம்மதித்தவர்களை விட்டார்கள். குளோசனர் கணக்கு சுமார் 2000 பேர். இன்றைய ஆய்வாளர்கள் பலர் அது அதிகம் என்கிறார்கள்.

கசையடிக்காரர்கள் ஸ்ட்ராஸ்பர்க்குக்கு வந்தது அந்தக் கோடையில். அதாவது நாலைந்து மாதம் கழித்து. பிளேக்கும் அங்கே வந்தது அந்தக் கோடையில்தான். நோய் இன்னும் ஊருக்குள் வரவில்லை, சாட்டையும் வரவில்லை. அதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

பின்னே எதற்காக? பிப்ரவரி 14க்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். யூதர்களிடம் பட்ட கடன் அத்தனையும் ரத்து. அடகுப் பொருளும் கடன் பத்திரங்களும் கடன்காரர்களிடம் திரும்பின. கையிருப்பு ரொக்கத்தைப் புதிய நகரசபை கைத்தொழில்காரர்களுக்குப் பங்கு போட்டது. வட்டி வாங்கும் கிறிஸ்தவனுக்கு நற்கருணையும் கிறிஸ்தவ அடக்கமும் கிடையாது என்று 1179லேயே சர்ச் சட்டம் போட்டிருந்தது. பிற தொழில்கள் பெரும்பாலும் மறுக்கப்பட்ட யூதர்கள் வட்டித் தொழிலுக்குத் தள்ளப்பட்டார்கள். அவர்களிடம் பிரபுக்களும் வாங்கியிருந்தார்கள், மேற்றிராணியார்களும் வாங்கியிருந்தார்கள், செருப்புத் தைப்பவனும் வாங்கியிருந்தான். பணம்தான் அவர்களைக் கொன்ற விஷம் என்ற பொருளில் அந்த ஊர் சரித்திரக்காரர்களே எழுதிவிட்டார்கள். அதே வருடம் மன்னன் நான்காம் சார்ல்ஸ் நகரத்துக்கு மன்னிப்புச் சாசனமும் கொடுத்தான்.

கடன்காரர்கள் கூட்டம் சேர்ந்து கடன் கொடுத்தவனைக் கொளுத்திவிட்டு லெட்ஜரை மூடிய கதை இது. கசையடிக்காரர்கள் தலையில் பழியைப் போட்டது பின்னால் எல்லாருக்கும் வசதியாகப் போயிற்று. அவர்கள் ஒன்றும் சாதுக்கள் என்று சொல்லவில்லை. சில ஊர்களில் வெறியைக் கிளப்பியதற்குக் குறிப்புகள் உண்டு. ஆனால் ஸ்ட்ராஸ்பர்க் மைதானத்தில் அந்தக் கோடையில் நடந்ததை மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். உள்ளூர்க்காரர்கள் ஆயிரம் பேர் சட்டையைக் கழற்றிப் படுக்கிறார்கள். பொய்ச்சத்தியத்துக்கு மூன்று விரல். சோரத்துக்குக் குப்புற. நாலைந்து மாதம் முன்பு அந்த இடுகாட்டுக்குப் போய் வந்தவர்களும், பங்குப் பணம் வாங்கியவர்களும் அவர்களில் இருந்திருக்க வேண்டும். அவர்கள் எப்படிப் படுத்தார்கள்?

கிளமென்ட்டுக்கு ஒரு வரவும் எழுதியாக வேண்டும். 1348 ஜூலையிலும் செப்டம்பரிலும் யூதர்களைக் காக்கச் சொல்லி ஆணை பிறப்பித்தார். யூதர்களும்தான் இந்த நோயில் சாகிறார்கள், யூதரே இல்லாத தேசங்களிலும் நோய் இருக்கிறது, பின் எப்படி அவர்கள் காரணம் ஆவார்கள் என்று கேட்டார். அவிஞ்ஞோனில் அவர்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. ரைன் நதிக்கரையில் அவர் பேச்சு எடுபடவில்லை.

கசையடி அலை அந்த வருடக் கடைசியிலேயே வடிந்தது. லண்டனுக்கு 120 பேருக்கு மேல் போய் அடித்துக் காட்டினார்கள். இங்கிலீஷ்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள், ஒருவரும் சேரவில்லை. 1399இல் இத்தாலியில் வெள்ளை அங்கிக் கூட்டம் ஒன்று சமாதானம் சமாதானம் என்று நடந்தது. ஜெர்மனியின் துரிங்கியாவில் ரகசியமாகத் தொடர்ந்தவர்களை 1414இல் கும்பலாக எரித்தார்கள். ஸ்ட்ராஸ்பர்க் நகரசபையோ இனி வெளியில் அடித்துக்கொள்ளக் கூடாது என்று தடை போட்டது. வேண்டுமென்கிறவன் அவனவன் வீட்டுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். நூறு வருடத்துக்கு யூதர்களை விடுவதில்லை என்று முடிவு செய்திருந்த அதே ஊர், 1369இல் சில யூதக் குடும்பங்களை மறுபடி உள்ளே விட்டது. கடன் கொடுக்க ஆள் வேண்டாமா? அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மறுபடி துரத்தியது.

படத்தைப் பார்த்த அதே வாரம் எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்தது. பழவண்டிக்காரர் ஒருவரை இனி கேட்டுக்குள் விட வேண்டாம், 'அவங்க ஆளுங்க'தான் பரப்புகிறார்கள் என்று. கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். பத்து வருடமாக வருகிறவர். தெருவில் எல்லாரையும்விட ஒழுங்காக மாஸ்க் போட்டவர். என் கிளையில் அவருக்கு முத்ரா கடன் ஒன்று இருந்தது, ஒரு தவணைகூடத் தவறியதில்லை. இதையெல்லாம் நான் எழுதியிருக்கலாம். டைப் செய்தேன், அழித்தேன். கட்டைவிரல் போடவில்லை, அவ்வளவுதான்.

ரிசர்வ் வங்கி அறிவித்த தவணை ஒத்திவைப்பு ஆகஸ்ட் 31 அன்று முடிந்தது. செப்டம்பர் முதல் வாரம் அவர் கிளைக்கு வந்தார். தவணைப் பணத்தைக் கட்டினார். வட்டி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேட்டார், சொன்னேன். ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, போகிற போக்கில் கேட்டார்:

"சார், உங்க சொசைட்டி கேட் திறந்துட்டாங்களா?"